அடுக்கு அறுப்பு: டேப்பா, ஆணியா?

பாலக்கோடு பையன்
வணக்கம். ஸ்குரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் மேஜை இயந்திரம்) வாங்கி நான்கு மாதம் ஆகிறது. கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி நடக்கும் சமயத்தில் விற்க, கிளிமூக்கு மாங்காய் வடிவத்தில் சாவிக்கொத்து வில்லை 60 வேண்டும் என்று ஒரு கடைக்காரர் கேட்டிருக்கிறார். 3 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை). ஒவ்வொன்றாக அறுத்து மாளாது என்று 6 பலகையை அடுக்கி, நான்கு ஓரத்திலும் மாஸ்கிங் டேப் சுற்றி அறுத்தேன். கடைசி அரை அங்குலம் வரை நன்றாக வந்தது. மூக்கு வளைவில் அடுக்கு நழுவிவிட்டது. மேலே உள்ள நான்குக்கு மூக்கு இருக்கிறது, அடியில் உள்ள இரண்டுக்கு இல்லை. நீங்கள் எல்லாம் அடுக்கை எப்படிப் பிடித்து வைக்கிறீர்கள்?

காவேரிப்பட்டணம் தச்சர்
தம்பி, ஓரத்து டேப்பை நம்பாதே. சன்ன ஆணி அடி. வடிவத்துக்கு வெளியே, கழிவாகப் போகிற இடத்தில், மூலைக்கு ஒன்றாக. ஆனால் நீளம் பார்த்து வாங்கு. உன் அடுக்கு 18 மி.மீ. முக்கால் அங்குல ஆணி அடித்தால் 1 மி.மீ. அடியில் நீட்டும். அதை அரத்தால் ராவிவிடு. இல்லையென்றால் மேஜையில் கோடு விழும், பலகையும் திரும்பாது. ஆணி மரத்தைப் பிடித்தால் வெயிலுக்கும் இளகாது, குளிருக்கும் விடாது.

ஓசூர் பட்டறை
மன்னிக்கணும் அண்ணே, இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆணி கழிவு மரத்தைத்தான் பிடிக்கிறது. மாங்காயை யார் பிடிப்பது? சுற்றி அறுத்து வரவர, உள்ளே இருக்கிற ஆறு வில்லைக்கும் தங்களுக்குள் ஒட்டு இல்லை. கடைசி அரை அங்குலத்தில் தம்பிக்கு நடந்தது அதுதான். ஆணி அடித்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். டபுள் சைடு டேப்பை வடிவத்துக்குள்ளேயே, ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ஒட்ட வேண்டும்.

காவேரிப்பட்டணம் தச்சர்
ஒட்டலாம். பிரிப்பது யார்? எம்டிஎஃப்பின் மேல்தோல் டேப்போடு உரிந்து வரும். நான் பட்டிருக்கிறேன். என் பட்டறை தகரக் கொட்டகை. சித்திரை வெயிலில் பசை இளகி, பிளேடு பல்லில் மரத்தூளோடு அப்பிக்கொள்ளும். அப்புறம் பிளேடு அறுக்காது, மரத்தைக் கருக்கும்.

ஓசூர் பட்டறை
முழுப் பலகைக்கும் ஒட்டினால் அப்படித்தான். விரல்நகம் அளவு இரண்டு துண்டு போதும், பிளேடு போகிற கோட்டுக்கு எட்டவே எட்டாது. பிரிக்கும்போது ஹேர் டிரையரில் கொஞ்சம் சூடு காட்டி, மெல்லிய கத்தியை நுழைத்தால் விட்டுவிடும். தோல் உரியும் என்ற பயம் இருந்தால் இன்னொரு வழி: எதிரெதிர் முகங்கள் இரண்டிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அந்த டேப்புகளுக்கு நடுவில் ஃபெவிக்விக் ஒரு சொட்டு. பசை மரத்தைத் தொடுவதே இல்லை. டேப்பை உரித்தால் முகம் சுத்தமாக இருக்கும். கருகாமல் இருக்க மேல் பலகையில் பேக்கிங் டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

அரூர் அக்கா
இரண்டு பேரும் கேட்காத ஒரு கேள்வி. தம்பி, பிளேடு மேஜைக்கு நேராக நிற்கிறதா? 1 பாகை சாய்ந்திருந்தாலும் 18 மி.மீ. அடுக்கில் மேலுக்கும் அடிக்கும் 0.3 மி.மீ. மாறும். வடிவத்தின் இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.6. மூலைமட்டம் இல்லாவிட்டாலும் பார்க்கலாம். தடிமனான ஒரு கட்டையில் சின்னக் கீறல் அறுத்து, கட்டையைச் சுற்றித் திருப்பிப் பிளேட்டின் பின்பக்கம் கொண்டு போங்கள். பிளேடு அந்தக் கீறலில் இடிக்காமல் நுழைந்தால் நேர். இடித்தால் மேஜையைத் திருத்துங்கள்.

அடுத்தது, இது சாவிக்கொத்து. வளையத்துக்கு எப்படியும் துளை வேண்டும். அதை அறுத்த பிறகு ஏன் போட வேண்டும்? முதலிலேயே ஆறு பலகைக்கும் சேர்த்துத் துளை போட்டு, மூங்கில் குச்சியைச் சீவி இறுக்கமாக இறக்கி, மேலும் கீழும் மட்டமாக நறுக்கிவிடுங்கள். பசை வேண்டாம். மாங்காயை மாங்காய்க்குள்ளேயே பிடித்தாயிற்று.

காவேரிப்பட்டணம் தச்சர்
தங்கச்சி சொல்வது நல்ல யோசனை. ஆனால் ஒற்றைக் குச்சியில் வில்லை சுழலுமே?

அரூர் அக்கா
சுழலும் அண்ணா. அதற்குத்தான் ஓசூர்க்காரர் சொன்ன நகம் அளவு டேப், மூக்குக்குப் பக்கத்தில் ஒன்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்பி அறுப்பை மூக்கில் கொண்டு போய் முடித்ததே தவறு. மூக்கிலிருந்து தொடங்கி, அகலமான வயிற்றுப் பக்கத்தில் முடிக்க வேண்டும். அங்கே விரல் வைத்து அமுக்கிப் பிடிக்க இடம் இருக்கிறது, அரை மில்லி நகர்ந்தாலும் உப்புத்தாளில் தேய்த்துச் சரி செய்யலாம்.

காவேரிப்பட்டணம் தச்சர்
சரி, இவ்வளவு சின்ன வில்லைக்கு ஒத்துக்கொள்கிறேன். கழிவு மரம் ஆடாமல் இருக்க மூலையில் ஆணியை மட்டும் விடாதே தம்பி. பெயர்ப்பலகை மாதிரி, சுற்றி அறுக்காமல் உள்ளே மட்டும் குடைகிற வேலைக்கு இன்றும் என் வாக்கு ஆணிக்குத்தான்.

ஓசூர் பட்டறை
அந்த வேலைக்கு நானும் ஆணிதான் அண்ணே.

பாலக்கோடு பையன்
கட்டையை வைத்துப் பார்த்தேன். பிளேடு கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. திருத்திவிட்டு இன்று இரண்டு அடுக்கு அறுத்தேன்: மூலையில் ஆணி, துளையில் குச்சி, மூக்கருகே டேப். 12 வில்லை, பன்னிரண்டுக்கும் மூக்கு இருக்கிறது. ஒரு குச்சி மட்டும் வெளியே வராமல் அடம்பிடித்தது, ஆணியைத் திருப்பி அதன் தலையால் தட்டி எடுத்தேன். எட்டு அடுக்கு பாக்கி.