புது கேமரா: கம்பெனி தளத்தில் பதியாவிட்டால் வாரண்டி கிடைக்காதா?

மழைமேகம்:
புதிதாக ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கியிருக்கிறேன், கூடவே கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்த்தே விற்கிற லென்ஸ்). பெட்டிக்குள் இருந்த தாளில் தளத்தில் பதியச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியில் பார்கோடுக்குக் கீழே இருக்கும் நம்பரைக் கொடுத்தால் 'செல்லாத எண்' என்று வருகிறது. லென்ஸை வேறு தனியாகப் பதிய வேண்டுமா? பதியாவிட்டால் வாரண்டியே இல்லை என்கிறார் ஒரு நண்பர், அதெல்லாம் விளம்பர மெயில் அனுப்ப நம் முகவரியைக் கறக்கிற வேலை என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

பழைய_லென்ஸ்:
இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. பெரும்பாலும் வாரண்டி கணக்கு வாங்கிய தேதியிலிருந்துதான், பதிந்த தேதியிலிருந்து இல்லை. சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பதும் பில்லைத்தான். ஆனால் சில கம்பெனிகள் இத்தனை நாளுக்குள் பதிந்தால் கூடுதல் காலம் தருகிறோம் என்று வைத்திருப்பார்கள், அந்தக் கெடு தாண்டினால் கெஞ்சினாலும் நடக்காது. அதனால் வாரண்டி கார்டின் பொடி எழுத்தைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள். மெயில் வேண்டாமென்றால் படிவத்தில் அதற்கான டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

ஷட்டர்_சத்தம்:
பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட பார்கோடு இருக்கும். ஒன்று அந்த மாடலுக்கான பொருள் எண், கடையில் அதே மாடல் எல்லாப் பெட்டியிலும் அதே எண்தான். உங்களுக்கு வேண்டியது சீரியல் நம்பர். அதைக் கேமராவிலேயே பாருங்கள், பல மாடல்களில் அடிப்பக்கம் இருக்கும். டிரைபாட் பிளேட் மாட்டியிருந்தால் கழற்றினால்தான் தெரியும். சிலவற்றில் திருப்புகிற திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பூஜ்யமா, ஆங்கில ஓவா என்று குழப்பம் வேறு வரும், இரண்டையும் போட்டுப் பாருங்கள். லென்ஸுக்குத் தனி நம்பர் உண்டு, குழலிலோ கேமராவில் மாட்டுகிற மவுண்ட் பக்கத்திலோ பொடியாக இருக்கும். படிவத்தில் இடம் இருந்தால் அதையும் பதிவது நல்லது.

கேமராவில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒத்துப்போகவில்லையென்றால் இன்றைக்கே கடைக்காரரிடம் கேளுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

பழைய_லென்ஸ்:
ஆமாம், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சரியான நம்பரைக் கொடுத்தும் தளம் ஏற்கவில்லையென்றால், வேறு நாட்டுக்கென்று தயாரான சரக்காக இருக்கலாம். கிரே மார்க்கெட் என்பார்களே, அது. பல கம்பெனிகளின் வாரண்டி விற்ற நாட்டோடு நின்றுவிடும். அந்த மாதிரிச் சரக்குக்குக் கடைக்காரர் தருகிற 'கடை வாரண்டி' வேறு, கம்பெனி வாரண்டி வேறு.

மழைமேகம்:
அடிப்பக்கம் இருந்த நம்பரைக் கொடுத்ததும் ஏற்றுக்கொண்டது, லென்ஸும் பதிந்தாயிற்று, நன்றி. பில்லில் மாடல் பெயர் மட்டும்தான் இருக்கிறது. பரவாயில்லையா?

ஷட்டர்_சத்தம்:
இல்லை, கேமரா, லென்ஸ் இரண்டின் நம்பரையும் பில்லில் எழுதி முத்திரை போட்டு வாங்குங்கள். பிறகு உடனே பில்லைப் படம் எடுத்து வையுங்கள், தெர்மல் தாளாக இருந்தால் கொஞ்ச காலத்தில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடும். நம்பர்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா களவு போனால் புகார் கொடுக்கவும் இன்சூரன்ஸ் கேட்கவும் அதுதான் ஆதாரம். பல கேமராக்கள் எடுக்கிற ஒவ்வொரு படத்தின் எக்ஸிஃப் தகவலிலும் (படக் கோப்புக்குள்ளேயே கேமரா எழுதி வைக்கிற விவரம்) தன் நம்பரைப் பதிந்து வைக்கும், பழைய படம் ஒன்று கையில் இருந்தாலும் அதிலிருந்து எடுக்கலாம்.

அப்புறம், கீழே விழுந்தது, தண்ணீர் புகுந்தது, மணல் போனது, லென்ஸில் பூஞ்சை பிடித்தது இதெல்லாம் பொதுவாக எந்த வாரண்டியிலும் வராது, பதிந்திருந்தாலும் சரி. அதற்குத் தனியாக இன்சூரன்ஸ்தான் எடுக்க வேண்டும்.