ரெண்டு பேருக்கு போனும் வீட்டு இன்டர்நெட்டும் சேர்ந்து மாசம் 273 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). எங்க குறைக்கலாம்?

சுங்கை ஆரா பொண்ணு:

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

கல்யாணமாகி எட்டு மாசம். பினாங்கு சுங்கை ஆராவுல ஒன்பதாவது மாடியில வாடகைக்கு இருக்கோம். எங்க வீட்டுக்காரர் பாயான் லெப்பாஸ் பேக்டரியில 12 மணி நேர ஷிப்ட். எனக்கு ஜார்ஜ்டவுன்ல கணக்கு ஆபீஸ் வேலை, வாரத்துல ரெண்டு நாள் வீட்டுலேருந்தே செய்யலாம். சம்பளம் வந்ததும் நோட்டுப் புத்தகத்துல செலவு எழுதற பழக்கம் எனக்கு உண்டு, அம்மாகிட்ட ஒட்டிக்கிட்டது. போன மாசம்தான் ரெண்டு போன், வீட்டு இன்டர்நெட் மூணு செலவையும் ஒண்ணா கூட்டிப் பார்த்தேன்.

அவரோட போஸ்ட்பெய்ட் வரியோட 148. கல்யாணத்துக்கு முன்னாடி பெரிய போன் ஒண்ணு "சும்மா கொடுத்தாங்க"ன்னு எடுத்துட்டு வந்தாரு. 24 மாசக் கான்ட்ராக்ட், இன்னும் 7 மாசம் பாக்கி. என் பிரிபெய்ட் பேருக்குத்தான் 35. மாசக் கடைசியில டேட்டா முடிஞ்சு பத்து பத்தா ரெண்டு தடவை போட்டுடுவேன், ஆக 55. வீட்டுக்கு சிம் போடற ரௌட்டர் 70.

இந்த ரௌட்டர் இருக்கே, ராத்திரி எட்டு மணி ஆச்சுன்னா படுத்துடும். லூனாஸ்லேருந்து அம்மா வீடியோ கால் எடுப்பாங்க. மூஞ்சி அப்படியே நின்னுடும், "சாப்ட்டியா" மட்டும் மூணு தடவை கேக்கும். நான் பதில் சொல்றதுக்குள்ள லைன் போயிடும். மறுநாள் "ஏன் முகத்த தூக்கி வச்சிருந்த"ன்னு கேக்கறாங்க!

ரௌட்டரைத் தூக்கிப் போட்டுட்டு அவர் போன்லேருந்தே ஹாட்ஸ்பாட் போட்டுக்கலாமா? அவர் நைட் ஷிப்ட் போனா நான் என்ன பண்றது? ஃபைபர் போடலாம்னா 24 மாசக் கையெழுத்து கேக்கறாங்க, எங்க வாடகை அக்ரிமெண்டோ ஒரே வருஷம். ரெண்டு பேரும் ஒரே கம்பெனியில குடும்ப பிளான் எடுக்கலாம்னு அவர் சொல்றாரு. ஆனா என் நம்பர் இன்னும் அப்பா ஐசியில (அடையாள அட்டை) இருக்கு, பள்ளிக்கூடத்துல படிக்கும்போது அவர் வாங்கிக் கொடுத்தது. 200க்குள்ள கொண்டு வர முடியுமா?

பட்டர்வொர்த் அண்ணன்:

தங்கச்சி, பிளான் பட்டியலெல்லாம் அப்புறம் பாரு. ரெண்டு பேர் போன்லயும் செட்டிங்ஸுக்குப் போயி, வைஃபை இல்லாம போன மாசம் எத்தனை ஜிபி ஓடியிருக்குன்னு பார்த்து இங்க எழுது. அப்புறம் மாப்பிள்ளை வேலை நேரத்துல போனை லாக்கர்ல வைக்கணுமா?

சுங்கை ஆரா பொண்ணு:

அண்ணே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க? ஆமாம், லாக்கர்லதான்! பிரேக்ல எடுத்துப் பார்க்கறதோட சரி. அவர் 6 ஜிபி, அதுவும் முக்கால்வாசி கம்பெனி பஸ்ல. நான் 22.

அவர் பிளான் "அன்லிமிடெட்". 6 ஜிபிக்கு.

பட்டர்வொர்த் அண்ணன்:

நானும் அதே மாதிரி பேக்டரியில 14 வருஷம் இருந்தவன், அதான் கேட்டேன். உன் 22ல பாதி, வீட்டு ரௌட்டர் படுத்ததும் நீ உன் டேட்டாவுக்கு மாறினதா இருக்கும். ராத்திரி எந்த ஆப் எவ்வளவு தின்னுதுன்னு பாரு. அப்படின்னா 70ம் கட்டி, அது ஓடாததுக்கு இன்னொரு 20ம் கட்டறே.

வயர் இழுக்கறவன்:

பினாங்குல ஃபைபர் மாட்டற வேலைதான் எனக்கு. கம்பெனி பேரு வேணாம்.

அக்கா, மாடிக் குடியிருப்புல முதல் கேள்வி விலை இல்ல, உங்க கட்டடத்துக்குள்ள யாரோட கம்பி வந்திருக்குங்கறதுதான். டைம்ங்கற கம்பெனி பெரும்பாலும் உயரக் கட்டடங்களைத் தேடித்தான் போவாங்க. டிஎம் (டெலிகாம் மலேசியா) கம்பி அனேகமா எல்லா இடத்துலயும் இருக்கும். மேக்சிஸ், செல்காம்டிஜி பேருல வாங்கினாலும் நிறைய இடத்துல சுவத்துக்குள்ள ஓடறது அதே டிஎம் கம்பிதான். அதனால "அந்தக் கம்பெனி வேகம், இந்தக் கம்பெனி மெதுவு"ங்கற பேச்சை அப்படியே நம்பாதீங்க. காவலாளி ரூம்லயோ மேனேஜ்மெண்ட் ஆபீஸ்லயோ கேட்டா எந்தெந்தக் கம்பின்னு சொல்லிடுவாங்க.

அடுத்தது, கதவுப் பக்கமோ டிவி பக்கமோ சுவத்துல ஏற்கெனவே ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கான்னு பாருங்க. இருந்தா துளை போடற தொல்லை இல்ல, ஓனர்கிட்ட கெஞ்ச வேண்டாம். ஆனா பழைய குடித்தனக்காரர் தன் கணக்கை மூடாம போயிருந்தா, அதே முகவரிக்கு உங்க விண்ணப்பம் உள்ள போகாம நிக்கும். வாரத்துக்கு ஒரு வீட்டுல நான் பார்க்கறேன். ஓனர் மூலமா பழைய ஆளைப் பிடிச்சு மூடச் சொல்லணும்.

24 மாசத்துக்கு: வீடு மாறினா லைனையும் கூட எடுத்துட்டுப் போலாம், விண்ணப்பிக்கறப்பவே மாத்தற கட்டணம் எவ்வளவுன்னு கேட்டு எழுத்துல வாங்குங்க. முக்கியமா, புது வீட்டுல அவங்க கம்பி இல்லைன்னா அபராதம் உண்டா இல்லையான்னும் கேளுங்க. கவுண்டர்ல சிரிச்சுக்கிட்டே "அதெல்லாம் பிரச்சனை இல்ல"ன்னுவாங்க. வாயால சொன்னது கணக்குல வராது.

வேகத்துக்கு, ரெண்டு பேருக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கே 15தான் கேக்குது. 500 எடுத்தவங்க வீட்டுக்குப் போனா, ரௌட்டர் டிவிக்குப் பின்னாடி இரும்பு அலமாரிக்குள்ள உக்காந்திருக்கும். நான் என்ன செய்யட்டும்.

செதாப்பாக் ஜோடி:

ஒரு எதிர்க்கட்சி. நாங்க கோலாலம்பூர்ல ரெண்டு வருஷமா வீட்டுல கம்பியே இல்லாம இருக்கோம். 5ஜி பாக்ஸ் ஒண்ணு, கான்ட்ராக்ட் கிடையாது, வீடு மாறினப்போ பையில போட்டுத் தூக்கிட்டு வந்தோம். வாடகை வீட்டுக்காரங்க எதுக்கு ரெண்டு வருஷத்துக்குத் தலையைக் கொடுக்கணும்? ராத்திரி ஒன்பது மணிக்கு எங்களுக்கு வேகம் 80 எம்பிபிஎஸுக்குக் கீழ போனதில்ல.

வயர் இழுக்கறவன்:

உங்க ஜன்னலுக்கு நேரா கோபுரம் இருக்கும், அதிர்ஷ்டம். அக்காவுக்கு 4ஜி ரௌட்டரா 5ஜியான்னு தெரியல. 4ஜின்னா மாத்திப் பார்க்கலாம், வாங்கறதுக்கு முன்னாடி 5ஜி போன் வச்சிருக்கற யாரையாவது ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு ஹால்லயும் ரூம்லயும் சோதிக்கணும். பகல்ல சோதிச்சு பிரயோஜனமில்ல.

இன்னொண்ணு, 2021 கடைசியில டிஎன்பி (அரசாங்கம் அமைச்ச 5ஜி கம்பெனி) 5ஜி ஆரம்பிச்சப்போ எல்லா கம்பெனியும் ஒரே வலைப்பின்னலை வாடகைக்கு எடுக்கற ஏற்பாடு. ரெண்டாவது வலைப்பின்னலுக்கு 2024 நவம்பர்லதான் யு மொபைலைத் தேர்ந்தெடுத்தாங்க. அதனால ஒரு கம்பெனி 5ஜி உங்க ரூம்ல எடுக்கலைன்னா, அதே வலைப்பின்னல்ல ஓடற இன்னொரு கம்பெனிக்குப் பேரு மட்டும் மாத்திப் பார்த்து ஏமாறாதீங்க. தைப்பூசத்தன்னிக்கு பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் கூட்டத்துல நின்னு பாருங்க, எந்த சிம்மும் ஒண்ணுதான். அந்தக் கூட்டம்தான் தினம் ராத்திரி சின்ன அளவுல உங்க அபார்ட்மெண்ட்லயும் நடக்குது.

செந்தூல் கணக்குப்பிள்ளை:

சகோதரி, கணக்கு ஆபீஸ்ல இருந்துக்கிட்டு இதை விட்டுட்டீங்களே! வருமான வரியில வாழ்க்கைமுறை கழிவு 2,500 வெள்ளி இருக்கே, அதுல வீட்டு இன்டர்நெட் பில்லும் சேரும். பில் யார் பேருல இருக்கோ அவங்கதான் கழிக்க முடியும். ரெண்டு பேரும் தனித்தனியா கணக்கு காட்டினா, யாருக்கு வரிப்படி அதிகமோ அவங்க பேருல ஃபைபரைப் போடுங்க. 99 வெள்ளி பிளான்னு வைங்க, 6 விழுக்காடு சேவை வரியோட 104.94. (2024 மார்ச்ல பல சேவைக்கு 8 ஆக்கினாங்க, தொலைத்தொடர்பை 6லயே விட்டாங்க.) வருஷத்துக்கு சுமார் 1,259. வரிக்குரிய வருமானம் 50,000 தாண்டி 11 விழுக்காட்டுப் படியில இருந்தா 138 வெள்ளி மிச்சம், 6 விழுக்காட்டுப் படின்னா 75. அதே வருஷம் அவர் பேருல போன், கம்ப்யூட்டர் வாங்கி 2,500ஐ நிரப்பியிருந்தா ஒண்ணும் கிடைக்காது. ஓனர் பேருல இருக்கற லைனுக்கு நீங்க காசு கட்டினாலும் கிடைக்காது.

இப்ப 148. "கான்ட்ராக்ட் இருக்கு, ஒண்ணும் செய்ய முடியாது"ன்னு உக்கார வேண்டாம், கணக்குப் போடுங்க. 7 மாசம் இருந்தா 1,036. இன்னிக்கே வெட்டி 35 வெள்ளி பிரிபெய்டுக்கு வந்தா 7 மாசத்துக்கு 245. வித்தியாசம் 791. அபராதம் அதுக்குக் கீழன்னா வெட்டறது லாபம், மேலன்னா பொறுங்க. போன் பண்ணி சரியான தொகையைக் கேளுங்க. பொறுக்கறதா இருந்தா முடியற தேதியைக் காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க, தானா பில் குறையும்னு நினைக்காதீங்க. என் மச்சான் போன் கடன் முடிஞ்சும் பதினோரு மாசம் அதே தொகையைக் கட்டினாரு.

குடும்ப பிளான் ஒருத்தர் நிறைய, ஒருத்தர் கொஞ்சம் பயன்படுத்தற வீட்டுக்கு நல்லது. ஃபைபர் போட்டதும் ரெண்டு பேருமே கொஞ்சம்தான். ரெட்ஒன், டியூன் டாக் மாதிரி சொந்தக் கோபுரம் இல்லாம பெரியவங்களோடதை வாடகைக்கு எடுக்கறவங்களையும் பாருங்க.

அப்பா பேருல இருக்கற நம்பரை முதல்ல உங்க பேருக்கு மாத்துங்க. ஐசி ஒத்து வரலைன்னா வேற கம்பெனிக்கு நம்பரோட மாறவும் முடியாது. மாத்தற அன்னிக்கு பேங்க் வேலை எதுவும் வச்சுக்காதீங்க, குறுஞ்செய்தி கொஞ்ச நேரம் வராம போகலாம்.

பட்டர்வொர்த் அண்ணன்:

138 வெள்ளி! நான் இத்தனை வருஷமா பெண்டாட்டி பேருல போட்டு வச்சிருக்கேன், அவளுக்கு வரியே கிடையாது. இன்னிக்கு வீட்டுல சண்டைதான்.

சுங்கை ஆரா பொண்ணு:

ஆறு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. நடந்ததைச் சொல்லிடறேன்.

அபராதம் கேட்டோம். 750. கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்ன கோட்டுக்கு 41 வெள்ளி கீழ. எங்க வீட்டுக்காரர் "41 வெள்ளிக்கு நான் கவுண்டர்ல ரெண்டு மணி நேரம் நிக்கவா"ன்னு கேட்டாரு. ஓய்வு நாள்ல அவர் தூங்கற தூக்கத்தைப் பார்த்தா எனக்கும் மனசு வரல. பொறுக்கறோம். தேதி சமையலறை காலண்டர்ல வட்டம் போட்டாச்சு.

ஃபைபர் 100 எம்பிபிஎஸ், 99 வெள்ளி பிளான், அவர் பேருல. சுவத்துல பெட்டி இருந்துச்சு, அண்ணன் சொன்ன மாதிரியே பழைய குடித்தனக்காரர் கணக்கும் அதுல தொங்கிக்கிட்டிருந்துச்சு. அவரு ஜோகூருக்குப் போயிட்டாராம். ஓனர் நாலு தடவை கூப்பிட்டு, ரெண்டு வாரம் கழிச்சுத்தான் மூடினாரு. அந்தச் சாக்குல ஓனர்கிட்ட இன்னொரு வருஷம் வாடகை ஏத்தாம நீட்டிக்கறதா வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிட்டேன். ரௌட்டர் பழைய 4ஜிதான், திருப்பிக் கொடுத்தாச்சு.

இப்போதைக்கு 105, என்னோடது 25க்கு இறக்கினது, அவர் 148, மொத்தம் 278. அஞ்சு வெள்ளி கூடத்தான், சிரிக்காதீங்க. அவர் கான்ட்ராக்ட் முடிஞ்சு 35க்கு வந்தா 165.

பேரு மாத்த அப்பா லூனாஸ்லேருந்து வந்தாரு. கவுண்டர்ல ஐசியை நீட்டறதுக்கு முன்னாடி "இது வேணுமா"ன்னு என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. பள்ளிக்கூட நாள்லேருந்து கல்யாணம் வரைக்கும் மாசா மாசம் எனக்கு ரீலோட் போட்டது அவர்தான். வெளிய வந்து நாசி கண்டார் சாப்பிட்டோம், காசு கொடுக்க விடல.

ராத்திரி அம்மா மூஞ்சி இப்ப நிக்கறதில்ல. இப்ப பின்னாடி காயற துணியெல்லாம் தெரியுதாம், "ஏன் இன்னும் மடிக்கல"ங்கறாங்க.

வயர் அண்ணே, ஒரு கேள்வி. ரௌட்டர் ஹால்ல இருக்கு, ரூம்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு கோடுதான் எடுக்குது. தனியா பூஸ்டர் வாங்கணுமா?

வயர் இழுக்கறவன்:

வாங்காதீங்க. ரூம்ல 2.4க்கு மாத்திப் பாருங்க, சுவத்தை அது நல்லாத் தாண்டும். வேகம் குறையும், வீடியோ காலுக்குப் போதும். அப்புறம் உண்மையைச் சொல்லுங்க, ரௌட்டர் எதுக்குப் பின்னாடி இருக்கு?

சுங்கை ஆரா பொண்ணு:

டிவிக்குப் பின்னாடி. எடுத்துடறேன்.