தளம் போட்ட அன்றே விரிசல்: கெமிக்கல்தான் காரணமா?

காட்பாடியான்:
காட்பாடியில் வீடு கட்டுகிறோம். போன வியாழன் முதல் மாடித் தளம் போட்டோம். எம்20 தரக் கான்கிரீட், எம்-சாண்ட், பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட். மேஸ்திரி மூட்டைக்கு 250 மில்லி பிளாஸ்டிசைசர் (குறைந்த தண்ணீரிலேயே கலவையை இளக வைக்கும் கெமிக்கல்) ஊற்றினார். சாப்பிட்டுவிட்டு மேலே ஏறினால், வடக்கு ஓரத்தில் சாண் சாணாகக் கோடுகள். நகம் நுழையாது, ஆனால் தண்ணீர் தெளித்தால் கோடு மட்டும் கறுத்து நிற்கிறது. "கெமிக்கல் ஊத்தினா சுருங்கத்தான் செய்யும்" என்கிறார் மாமனார். தளத்தை உடைக்க வேண்டுமா?

பாலாற்று மணல்:
உடைக்கிற பேச்சை விடுங்கள். மூன்று கேள்வி. கெமிக்கல் ஊற்றிய பிறகு தண்ணீரைக் குறைத்தாரா? கேனில் என்ன எழுதியிருக்கிறது? மேலே எப்போது ஈரச் சாக்கு போட்டீர்கள்?

காட்பாடியான்:
குறைக்கவில்லை, வழக்கமான அளவுதான். "வழவழன்னு ஓடட்டும்" என்றார். கேனில் 'ரிடார்டிங்' என்று இருக்கிறது. அன்றைக்கு அனல் காற்று வேறு. சாக்கு சாயங்காலம்தான் போட்டோம்.

பாலாற்று மணல்:
அப்போ விஷயம் அங்கேதான். ரிடார்டர் கான்கிரீட் இறுகுவதைத் தள்ளிப்போடும். நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவைதான், இல்லாவிட்டால் மட்டம் பிடிப்பதற்குள் கெட்டியாகிவிடும். ஆனால் இறுகாமல் இருக்கும் அத்தனை மணி நேரமும் மேல்பரப்பு வெயிலில் காய்கிறது. அடியிலிருந்து ஊறி வரும் நீரை விட ஆவியாவது அதிகமானால், பலம் வராத மேல்தோல் சுருங்கி வெடிக்கும். ஒரு சதுர மீட்டரில் மணிக்கு 1 கிலோ தண்ணீர் போனாலே ஆபத்து என்பது பொதுக் கணக்கு.

மாமனார் சொல்வது வேறு சுருக்கம், மாதக்கணக்கில் காய்ந்து வருவது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 அதற்கு 0.0003 என்று தோராயமாக எடுக்கச் சொல்கிறது. 10 மீட்டருக்கு 3 மி.மீ. பிளாஸ்டிசைசர் போட்டுத் தண்ணீரைக் குறைத்தால் இது குறையும். நீங்கள் குறைக்கவில்லை, ஆக மருந்துக் காசு தண்டம்.

குடியாத்தம் கொத்து:
எங்கள் சைட்டில் கோடு தெரிந்ததுமே மட்டப்பலகையால் தட்டித் தேய்த்து மூடிவிடுவோம், இறுகுவதற்கு முன்னால். இப்போது நேரம் போய்விட்டது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள்; பிபிசிக்குப் பத்து நாளாவது வேண்டும். அடுத்த தளத்துக்குப் பாலித்தீன் ஷீட்டைக் கையோடு வைத்திருங்கள், மட்டம் பிடிக்கப் பிடிக்க மூடிக்கொண்டே போகலாம். சீக்கிரம் இறுகட்டும் என்று யாராவது கால்சியம் குளோரைடு நீட்டினால் வாங்காதீர்கள். சுருக்கமும் கூடும், கம்பியும் துருப்பிடிக்கும்.

காட்பாடியான்:
சுருக்கத்தைக் குறைக்கவே தனி மருந்து இருக்கிறதாமே?

பாலாற்று மணல்:
இருக்கிறது. துளைகளில் உள்ள நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும். வீட்டுத் தளத்துக்கு வீண் செலவு. ஷீட்டும் சாக்கும் போதும்.

காட்பாடியான் (மூன்று வாரம் கழித்து):
சென்டரிங் (தளத்தைத் தாங்கிய பலகை, முட்டு) பிரித்தாச்சு. மேலே ஒரு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம், அடியில் ஈரமில்லை. மாமனார் டார்ச் அடித்து மூலை மூலையாகத் தேடினார், ஒன்றும் கிடைக்கவில்லை. கோட்டில் சிமெண்ட் பால் தேய்த்தாயிற்று.