திகதி போடாத கடிதம்: கையெழுத்து வைக்கலாமா?

வணக்கம். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ரிசெப்ஷன் வேலை. வாற தை வந்தால் 5 வருசம். புது மனேஜர் வந்ததிலிருந்து நிம்மதியில்லை. வெள்ளைக்காரருக்கு முன்னாலேயே ஏச்சு, இரவு 11 மணிக்கு வட்ஸ்அப்பில் வொய்ஸ். அதைக்கூடப் பொறுப்பன். நேற்று ஒரு கடிதத்தை நீட்டினார்: "சுயவிருப்பில் விலகுகிறேன்". திகதி இல்லை. சீசன் முடிஞ்சுதாம், ஆக்களைக் குறைக்கவேணுமாம். 5 வருசம் முடிஞ்சால்தானே பணிக்கொடை, வருசத்துக்கு அரை மாதச் சம்பளம்! (எங்கட இடத்தில் 20 பேருக்கு மேல், 15 பேர் இருந்தாலே சட்டம் பொருந்தும்.) "யோசிச்சுச் சொல்லுறன் சேர்" என்று வந்திட்டன்.

தொழில் திணைக்களத்துக்குப் போன ஆக்கள் இருக்கிறீங்களா? என்னென்ன கொண்டுபோகவேணும்? சம்பளச் சிட்டையும் ஈ.பி.எஃப். விபரமும் இருக்கு, நியமனக் கடிதம் தரவேயில்லை. உப்புவெளியில் வேலை இருந்தாலும் சொல்லுங்கோ. வீட்டில் இன்னும் சொல்லேல்லை.