சுருட்டை முடிக்கு எண்ணெய் மட்டும் போதாது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பழைய பரட்டை:

பள்ளியில் என் பட்டப்பெயர் பரட்டை. முப்பது வயது வரை அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தேன். இத்தனைக்கும் எண்ணெய் வைக்காத நாள் கிடையாது. காலையில் உள்ளங்கை நிறைய ஊற்றி, காய்ந்துகிடக்கும் முடியின் மேல் அப்பி, இறுக்கிப் பின்னிக்கொண்டு கிளம்புவேன். மாலையில் அவிழ்த்தால் மேலே பிசுக்கு, உள்ளே வைக்கோல். எண்ணெய் போதவில்லை போலிருக்கிறது என்று மறுநாள் இன்னும் கொஞ்சம் ஊற்றுவேன். இப்படியே வருடக்கணக்கில் ஓடியது.

ஒரு நாள் தலைக்குக் குளித்துக்கொண்டிருக்கும்போது அவசரமாகக் கிளம்ப வேண்டி வந்தது. கண்டிஷனரைச் சரியாக அலசவில்லை, துவட்டவும் இல்லை, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு கிளிப்பைக் குத்திக்கொண்டு ஓடினேன். முதுகெல்லாம் நனைந்து ஒரே எரிச்சல். அன்று சாயங்காலம் கிளிப்பைக் கழற்றினால் முடி சுருள் சுருளாக விழுகிறது, தொட்டால் மெத்தென்று இருக்கிறது. கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எண்ணெயில் தண்ணீர் கிடையாது, அவ்வளவுதான் விஷயம். உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே போகவிடாமல் அது மூடிவைக்கும். உள்ளே ஒன்றுமே இல்லாத முடியின் மேல் தடவினால் வறட்சியைத்தான் மூடிவைக்கும், அதோடு வெளியிலிருந்து வரும் தண்ணீரையும் தடுக்கும். நான் பத்துப் பதினைந்து வருடம் செய்தது அதைத்தான். சுருட்டை ஏன் இவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பதற்கும் காரணம் எளிது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனி வரை இறங்கிவிடும், சுருளில் வளைவுக்கு வளைவு தங்கிவிடுவதால் நுனிக்கு வந்து சேர்வதே இல்லை.

தேங்காய் எண்ணெயை நான் தள்ளிவைக்கவில்லை. சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், முடி இழக்கும் புரதத்தை நன்றாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதன் மூலக்கூறு சின்னது, நேரானது, அதனால் முடியின் தண்டுக்குள்ளேயே போகிறது. ஆகவே குளிப்பதற்கு முன்னால் வைக்கிறேன், குளித்த பிறகு இல்லை. இந்த ஒரு இடமாற்றத்துக்கே பாதிப் பலன் தெரிந்தது.

இப்போது வாரம் ஒரு முறை செய்வது இது. ஷாம்பு தலைத்தோலுக்கு மட்டும், நுரை வழிந்து போகும்போது நுனிக்கு அது போதும். பிறகு முடி முழுக்கத் தண்ணீர் இருக்கும்போதே நாலு பாகமாகப் பிரித்து, ஊறவைப்பதற்கென்றே வரும் டீப் கண்டிஷனரை ஒவ்வொரு பாகத்திலும் காதுக்குக் கீழிருந்து நுனி வரை தாராளமாகப் பூசுவேன். கை வழுக்க வேண்டும், பிசைந்தால் ஈரத் துணியைப் பிழிவதுபோலச் சத்தம் வர வேண்டும். சத்தம் வரவில்லையென்றால் குறைவது கண்டிஷனர் என்று நினைத்துவிடாதீர்கள், தண்ணீர்தான் குறைந்திருக்கும். ஷவர் கேப் போட்டு அதன் மேல் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைச் சுற்றி இருபதிலிருந்து முப்பது நிமிடம். அலசிவிட்டு, சொட்டும் நிலையிலேயே லீவ்-இன் கிரீம் (பூசி அலசாமல் அப்படியே விடுவது), அதன் மேல் ஜெல். துண்டால் தேய்க்க மாட்டேன், பழைய பருத்தி டீ-ஷர்ட்டால் கீழிருந்து மேலாக ஒற்றி எடுப்பேன். காயும் வரை கை வைக்கக் கூடாது. காய்ந்ததும் ஜெல் மொறமொறவென்று இருக்கும், பயந்துவிட வேண்டாம், உள்ளங்கையால் கசக்கிவிட்டால் உடைந்து மென்மையாகிவிடும்.

உங்களுக்கு எது கைகொடுத்தது, எது காலை வாரியது? இரண்டையும் எழுதுங்கள்.

ஒட்ட வெட்டியவன்:

ஆண்கள் எழுதலாமா? நான் குளியல் சோப்பையே தலைக்கும் போட்டுக்கொண்டிருந்த ஆள். என் முடி காதுக்கு மேல் வளர்ந்தாலே பாத்திரம் தேய்க்கும் நார் மாதிரி ஆகிவிடும் என்பதால் மாதம் ஒரு தடவை ஒட்ட வெட்டிவிடுவேன். அது சோப்பின் வேலை என்று பிற்பாடுதான் தெரிந்தது. சாதாரண சோப்பின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 9-லிருந்து 10 வரை இருக்கும், தலைத்தோலுக்கு ஏற்றது 5.5 பக்கம். காரம் ஏறினால் முடியின் மேலிருக்கும் நுண்ணிய செதில்கள் விரிந்து ஒன்றோடொன்று உரசும்.

முட்டைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். யாரோ சொன்னார்கள் என்று இரண்டு முட்டையை அடித்துத் தலையில் ஊற்றி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அலசும்போது நல்ல சூடான தண்ணீர். என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வெந்த வெள்ளைக்கருவைச் சுருளுக்குள்ளிருந்து பொறுக்கி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. இவ்வளவுக்கும் முட்டைப் புரதம் முடிக்குள் போகவே முடியாத அளவுக்குப் பெரியதாம், உள்ளே போக வேண்டுமானால் உடைத்துச் சிறிதாக்கிய ஹைட்ரோலைஸ்டு புரதம்தான் வேண்டுமாம். இப்போது சாதாரண கண்டிஷனர், விரலாலேயே சிக்கு எடுப்பது, முடிந்தது கதை. முடி தோள் வரை வந்துவிட்டது.

இரண்டு பெண்களின் அம்மா:

பரட்டை அக்கா, அந்த ஈரத் துணிச் சத்தம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் சிரித்துவிட்டேன், எங்கள் வீட்டில் அதற்குத் தவளைச் சத்தம் என்று பெயர்.

எனக்கு நேர்முடி. மூத்தவளுக்கு அப்பா பக்கத்துச் சுருட்டை. ஏழு வயது வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் போர்க்களம்தான். காய்ந்த முடியில் மேலிருந்து கீழே சீப்பை இழுப்பேன், என் தலையில் அப்படித்தானே வாருகிறேன். அவள் அழுவாள், நான் திட்டுவேன், சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும். ஒரு தடவை அவளே கத்தரிக்கோலை எடுத்துச் சிக்குவிழுந்த கற்றையை வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். "இனிமே சீப்பு வேண்டாம்மா" என்றாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

மாற்றியது இரண்டே இரண்டுதான். கண்டிஷனர் வழுக்கும் நேரத்தில் மட்டும் சிக்கு எடுப்பது, நுனியில் ஆரம்பித்து மேலே ஏறுவது. ஒரு கையால் வேர்ப்பக்கம் பிடித்துக்கொண்டால் இழுவை தலைக்குப் போகாது. முதலில் விரல், அப்புறம் அகலப் பல் சீப்பு. காய்ந்த சுருட்டையைச் சீவுவதே இல்லை, மறுநாள் காலையில் தண்ணீரும் துளி லீவ்-இன்னும் கலந்த ஸ்பிரே அடித்து விரலால் சுருட்டிவிடுவேன். இரவில் சாட்டின் தலையணை உறை, பருத்தி உரசுகிற அளவுக்கு அது உரசாது. இப்போது அவளே தலையைக் காட்டிக்கொண்டு வந்து உட்காருகிறாள். இளையவள் இதைப் பார்த்துவிட்டுத் தன் பொம்மைக்கு டீப் கண்டிஷனிங் செய்துகொண்டிருக்கிறாள், அது தனிக் கதை.

ஈரப் பைத்தியம்:

எல்லாரும் ஈரம் ஈரம் என்கிறீர்கள், நான் எதிர்ப்பக்கம் போய் அடிபட்டவள். முப்பது நிமிடத்துக்கே இவ்வளவு மென்மை என்றால் ராத்திரி முழுக்க வைத்தால் எப்படி இருக்கும்? வைத்தேன். வாரத்தில் நாலு நாள், கேப் போட்டுத் தூக்கம், காலையில் அலசல். முதல் மாதம் சொர்க்கம். இரண்டாவது மாதத்தில் சுருள் தொய்ந்து போனது. ஈர முடியை லேசாக இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போய் பட்டென்று அறுந்தது.

தண்ணீர் ஏறும்போது முடி உப்பும், காயும்போது சுருங்கும், அதையே ஓயாமல் செய்தால் செதில்கள் தளர்ந்துவிடும். நான் என் முடிக்கு ஒருநாள்கூட ஓய்வு கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தி, புரதம் கலந்த கண்டிஷனரை மாதம் இரண்டு தடவை போட்டு, டீப் கண்டிஷனிங்கை அரை மணியில் கறாராக நிறுத்தினேன். மூன்று மாதத்தில் சுருள் மறுபடி துள்ள ஆரம்பித்தது. ஆனால் புரதம் நல்லது என்று அதையும் அள்ளிப் போடாதீர்கள், அதிகமானால் முடி விறைத்து ஒடியும். தொய்ந்து நீண்டால் புரதம் குறைவு, விறைத்து ஒடிந்தால் ஈரம் குறைவு, நான் இப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறேன்.

டம்ளர் தண்ணீரில் முடியைப் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனையை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரே தலையிலிருந்து எடுத்த மூன்று முடி எனக்கு மூன்று விதமாகச் சொன்னது.

பாதி சுருள், பாதி நேர்:

நான் கெமிக்கல் போட்டு முடியை நேராக்கிக்கொண்டவள், அதுவும் இரண்டு முறை. இரண்டாவது தடவை தலைத்தோல் எரிந்தபோது போதும் என்று விட்டேன். எத்தனை மாஸ்க் போட்டால் பழைய சுருள் திரும்பும் என்று ஒரு வருடம் ஏமாந்துகொண்டிருந்தேன். திரும்பாது. முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்பை உடைத்து வடிவத்தையே மாற்றியாகிவிட்டது, புதிதாக முளைப்பதுதான் சுருளாக வரும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளரும், அப்படியானால் தோள் தாண்டிய நுனிக்கு வயது இரண்டு வருடத்துக்கு மேல். அந்த நுனி எத்தனை வெயில், எத்தனை சீப்பு பார்த்திருக்கும்!

மேலே சுருள், கீழே குச்சி. இரண்டும் சேரும் இடம்தான் ஒடிகிற இடம், அதனால் என் கண்டிஷனர் முழுக்க அந்தக் கோட்டில்தான் போகிறது. வெட்டிவிடச் சொல்லாதவர்கள் இல்லை. எனக்கு மனசு வரவில்லை, மூன்று மாதத்துக்கு இரண்டு அங்குலம் என்று கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறேன். இன்னும் நாலு அங்குலம் குச்சி பாக்கி.

பொடுகுக் கட்சி:

ஒரு எச்சரிக்கை மட்டும். பொடுகு இருப்பவர்கள் இந்த எண்ணெய், கிரீம் எதையும் தலைத்தோலில் ஊறவைக்காதீர்கள். பொடுகுக்குப் பின்னால் இருக்கும் மலசீசியா என்ற பூஞ்சைக்குக் கொழுப்புதான் சாப்பாடு. செதில் உதிர்வதைப் பார்த்து வறட்சி என்று நினைத்து நான் எண்ணெய் வைக்க வைக்க அது கொழுத்தது, கடைசியில் புருவம் வரை வந்துவிட்டது. தோல் மருத்துவர் பூஞ்சையைக் கொல்லும் கீட்டோகொனசோல் ஷாம்பு எழுதிக் கொடுத்தார், ஐந்து நிமிடம் தலைத்தோலில் விட்டு அலச வேண்டும். அது நுனியைக் காயவைக்கும் என்பதால் நுனிக்கு முதலிலேயே கண்டிஷனர் பூசிவிட்டுத்தான் ஷாம்புவைத் தொடுவேன்.

மழைக்குப் பயந்தவள்:

ஒரே லீவ்-இன், ஒரு நாள் அழகு, ஒரு நாள் அலங்கோலம். வெகுநாள் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். பாட்டிலின் பின்பக்கம் இருக்கும் பொருள் பட்டியலில் அதிகம் இருப்பதுதான் முதலில் வரும், அதில் பார்த்தால் தண்ணீருக்கு அடுத்தே கிளிசரின். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது அது காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சி முடியை உப்பவைக்கிறது, காற்று காய்ந்திருக்கும்போது முடிக்குள் இருப்பதையே வெளியே இழுத்துவிடுகிறது. இப்போது மழைக்காலத்தில் கிளிசரின் கீழே தள்ளி எழுதியிருப்பதை மட்டும் எடுக்கிறேன், மேலே கெட்டியான ஜெல். ஆல்கஹால் என்று பார்த்ததும் பாட்டிலைக் கீழே வைத்துவிடாதீர்கள், சீட்டைல், சீட்டியரைல் ஆல்கஹால் எல்லாம் மெழுகு மாதிரி, அவைதான் வழுக்கலே தருகின்றன. காயவைப்பது ஆல்கஹால் டீனாட், ஐசோபுரொப்பைல் வகை.

ஜெல் வீட்டிலேயே காய்ச்சுகிறேன். கால் கப் ஆளி விதை, இரண்டு கப் தண்ணீர், கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் சூட்டோடு வடிகட்டிவிட வேண்டும். ஆறவிட்டால் விதையை விட்டு வரவே வராது, நான் ஒரு வடிகட்டியையே தூக்கிப் போட்டிருக்கிறேன். ஃபிரிட்ஜில் ஒரு வாரம்தான், வாடை மாறினால் கொட்டிவிடுங்கள்.

வேறொன்று. வீடு மாறிய பிறகு எதைப் போட்டாலும் முடி பூச்சு பூசியதுபோல் இருந்தது. குழாயில் வந்தது கடின நீர், ஹீட்டர் முழுக்க வெள்ளைப் படிவு. அதே கால்சியம் முடியிலும் படிகிறது. அந்தக் கால்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் ஈ.டி.டி.ஏ. என்ற பொருள் இருக்கும் ஷாம்பு மாதம் ஒரு தடவை போட்டேன், முடி மறுபடி கண்டிஷனரை ஏற்றுக்கொண்டது.

பழைய பரட்டை:

கடின நீர் விஷயம் என் மண்டையில் அடித்ததுபோல் இருந்தது, எங்கள் வீட்டு ஹீட்டரும் அப்படித்தான். நேற்று அந்த ஷாம்புவைப் போட்டுப் பார்த்தேன். அலசும்போது முடி கிறீச்சென்றது, கெடுத்துக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன், அப்புறம் கண்டிஷனர் பூசினால் எப்போதும் போடும் அளவில் பாதிகூடத் தேவைப்படவில்லை. ஈரப் பைத்தியம், நான் ஒரு மணி நேரம் வைப்பதுண்டு, மேலே முப்பது என்று பொய் எழுதியிருந்தேன், இனி நிஜமாகவே முப்பதுதான். பாதி சுருள், நீங்கள் மெதுவாகவே வெட்டுங்கள், உங்கள் தலை.

இரண்டு பெண்களின் அம்மா, அந்தப் பொம்மைக்கு என்ன கண்டிஷனர் போடுகிறாள்?

இரண்டு பெண்களின் அம்மா:

இருப்பதிலேயே விலை கூடியதைத்தான். நேற்றுப் பார்த்தேன், பாட்டிலில் பாதி இல்லை.