கம்யூனிட்டி ஷீல்ட் பார்க்கப் போய் மனதில் மாட்டிக்கொண்டது எது?

குரோய்டன் மருமகன்:
2025 ஆகஸ்ட் 10, லண்டன் வெம்பிளி அரங்கம். லீக் சாம்பியனும் எஃப்.ஏ. கோப்பை வென்ற அணியும் சீசன் தொடக்கத்தில் மோதும் கால்பந்து ஆட்டம்தானே ஷீல்ட். அன்று கிரிஸ்டல் பேலஸ், லிவர்பூல். முடிவு எல்லோருக்கும் தெரியும், அதற்காக எழுதவில்லை. நான் லிவர்பூல் ஆள். டிக்கெட் எடுத்தது மச்சான், அவர் பேலஸ். அதனால் சிவப்புச் சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு அவர்கள் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். தொடங்கும் முன் லிவர்பூல் வீரர் தியோகோ ஜோட்டாவுக்கும் அவர் தம்பிக்கும் மௌன அஞ்சலி. இருவரும் கார் விபத்தில் இறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. சில நொடிகளிலேயே எங்கிருந்தோ பாட்டுச் சத்தம். உடனே நாலா பக்கமும் "சத்தம் போடாதே" என்று கத்த, அந்தக் கத்தல் பாட்டை விடப் பெரிதாகிவிட்டது. நானும் கத்தினேன். அதுவும் தமிழில். மூன்று வரிசை கீழே, படியேறியபடி பாடிக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவரைப் பார்த்து. அவர் திரும்பினார். அந்த முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

லெஸ்டர் தாத்தா:
2022இல் பெண்கள் யூரோ இறுதியாட்டத்துக்காக வெம்பிளியை ஒதுக்கிவிட்டதால் ஷீல்ட் எங்கள் ஊருக்கு வந்தது. பேரனுடன் போனேன். லிவர்பூல் 3, மான்செஸ்டர் சிட்டி 1. கடைசி நிமிடங்களில் சிட்டியின் ஃபோடன் அடித்த பந்தை கோல்கீப்பர் தட்டிவிட, அது நேராக அவர்களுடைய முன்கள ஆட்டக்காரர் ஹாலண்ட் காலடிக்கு வந்தது. முன்னால் திறந்த வலை. என் மனைவி கூடப் போட்டிருப்பாள். அவர் குறுக்குக் கம்பத்தில் அடித்தார்! வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் பேரனிடம் சொன்னேன்: "இவனுக்கு உயரம் மட்டும்தான் இருக்கிறது. லிவர்பூலின் நூன்யெஸைப் பார், அவன்தான் ஆட்டக்காரன்." அந்த சீசனில் ஹாலண்ட் லீக்கில் மட்டும் 36 கோல். ஒவ்வொரு கோலுக்கும் பேரனிடமிருந்து தொலைபேசி வந்தது. வேறொன்றும் சொல்ல மாட்டான், "தாத்தா, உயரம்" என்பான், வைத்துவிடுவான்.
எப்படியும் ஷீல்ட் ஒரு கோப்பையே இல்லை, வெள்ளோட்டம். அதில் பார்த்ததை வைத்து யாரையும் எடை போடக் கூடாது.

பழைய டிக்கெட்:
தாத்தா, தோற்ற கணிப்புக்குக் கோப்பையைக் குறை சொல்லாதீர்கள். வெறும் வெள்ளோட்டம் என்றால் 1974 ஷீல்டில் லிவர்பூலின் கீகனும் லீட்ஸின் பிரெம்னரும் அடித்துக்கொண்டு வெளியேற்றப்பட்டு, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டா போவார்கள்? ஆளுக்கு 11 ஆட்டம் தடை. லீக் சாம்பியனாக வந்த லீட்ஸுக்கு அன்று பயிற்சியாளர் பிரையன் கிளஃப். எதிரே லிவர்பூலைக் கடைசி முறையாக அழைத்து வந்தவர் அதன் பயிற்சியாளர் பில் ஷாங்க்லி. வெள்ளோட்டமாம்!
என் கதை சின்னது. 1991, லீக்கை வென்ற ஆர்சனல், எஃப்.ஏ. கோப்பையை வென்ற ஸ்பர்ஸ். ஒரே நகரத்து வைரிகள். நான் லண்டன் வந்து பார்த்த முதல் பெரிய ஆட்டம். 0-0. அந்தக் காலத்தில் சமன் என்றால் பெனால்டி கிடையாது, ஆளுக்கு ஆறு மாதம் ஷீல்டை வைத்துக்கொள்வார்கள். எனக்கு அது தெரியாது. எல்லோரும் எழுந்து போகிறார்கள், நான் மட்டும் இன்னும் ஏதோ நடக்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் காவலாளி வந்து தோளைத் தட்டினார்.

அல்பர்ட்டன் அக்கா:
2023. சிட்டி லீக்கையும் கோப்பையையும் அள்ளிவிட்டதால் இரண்டாம் இடத்து ஆர்சனல் வந்தது. பால்மர் கோலில் சிட்டி முன்னிலை. பிள்ளைகளுடன் நெரிசலில் மாட்டக் கூடாதே என்று 90ஆவது நிமிடத்தில் கிளம்பினோம். ஒலிம்பிக் வே பாதையில் நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் அரங்கமே இடிந்தாற்போல் ஒரு முழக்கம். 101ஆவது நிமிடத்தில் டிரோசார்ட் கோல்! பெனால்டியில் ஆர்சனல் 4-1. மகன் வீடு வரை பேசவில்லை.
ஆகவே வெம்பிளிக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். வீணான நேரத்தை முழுதாகக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்ற கண்டிப்பு வந்தது அந்த சீசனில்தான், இனி 90இல் எழுந்திருக்காதீர்கள். ஷீல்டில் அரை மணி கூடுதல் ஆட்டமும் இல்லை, சமன் என்றால் நேரே பெனால்டி. அதனால் இன்னும் ஒரு மணி ஆகும் என்று பயந்து ஓட வேண்டாம். ஏ4 தாளை விடப் பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள், சோற்றுப் பெட்டியை மறந்துவிடுங்கள். காரை எடுக்காதீர்கள், சுற்றியுள்ள தெருக்களில் ஆட்ட நாளில் நிறுத்தக் கட்டுப்பாடு உண்டு. முடிந்ததும் எல்லோரும் வெம்பிளி பார்க் நிலையத்துக்கே பாய்வார்கள், நீங்கள் எதிர்ப்பக்கமாக ஈலிங் ரோட்டுக்கு நடந்து ஒரு தோசை சாப்பிட்டுவிட்டு, கூட்டம் வடிந்தபின் அல்பர்ட்டனில் ரயில் ஏறுங்கள். ஆகஸ்ட் என்று நம்பாமல் பிள்ளைகளுக்கு ஒரு மழைச் சட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டிக்கெட்:
அக்கா, இங்கே யார் வழி கேட்டார்கள்?

அல்பர்ட்டன் அக்கா:
1991இல் யாராவது உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லியிருந்தால் காவலாளி வந்து எழுப்பியிருக்க மாட்டார், அண்ணா.

லெஸ்டர் தாத்தா:
குரோய்டன் தம்பி, நீங்கள் அதட்டியது சரிதான். செத்தவருக்கு ஒரு நிமிடம் வாயை மூட முடியாதவருக்கு எதற்கு வருத்தப்படுகிறீர்கள்?

குரோய்டன் மருமகன்:
தாத்தா, நான் முழுதாகச் சொல்லவில்லை. அவர் அப்போதுதான் உள்ளே வந்திருக்கிறார், அறிவிப்பு காதில் விழவில்லை. இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பை. பேலஸ் ஆயுளில் முதன்முறையாக எஃப்.ஏ. கோப்பையை வென்று இந்த ஆட்டத்துக்கு வந்திருக்கிறது, அந்த மனிதர் எத்தனை வருடம் காத்திருந்தாரோ, பாடாமல் என்ன செய்வார்? என் தமிழ் அவருக்குப் புரிந்திருக்காது. என் முகத்தைப் பார்த்தார், பெரிய திரையில் ஜோட்டாவின் முகத்தைப் பார்த்தார். அவசரமாகக் குனிந்து கோப்பைகளைப் படியில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அதற்குள் நடுவர் விசிலை ஊதிவிட்டார்.