இலஞ்சி வீட்டை விட்டு 13 லட்சம் சம்பளத்துக்குச் சென்னை போகலாமா?

இலஞ்சிப் பெண் கேட்டது:

வணக்கம். தென்காசிப் பக்கம் இலஞ்சியில் இருக்கிறேன். வயது 33. தென்காசியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. வரும் நவம்பரோடு ஐந்து வருடம் முடிகிறது. பிடித்தம் போகக் கைக்கு 45,000 வருகிறது. இப்போது சிறுசேரியில் ஒரு நிறுவனம் வருடத்துக்கு 13 லட்சம் தருகிறேன் என்கிறது. வாரம் மூன்று நாள் அலுவலகம் வர வேண்டும், இரண்டு மாதத்துக்குள் சேர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள்.

கணவர் செங்கோட்டையில் மோட்டார் பம்பு பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். செலவு போக மாதம் 25,000 நிற்கும். அந்தக் கடையை ஊரோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போக முடியாது, சுற்றியுள்ள தோட்டக்காரர்கள்தான் அவருடைய வாடிக்கை. மகள் இந்த ஜூனில்தான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள். அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரை இருக்கிறது. சென்னைக்கு வரவே மாட்டேன் என்கிறாள்.

நாங்கள் இருப்பது அப்பா 1994இல் கட்டிய வீடு. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடியில் முன்பக்கத் தார்சாவில் உட்கார விடாது. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் சாரல் அடுப்பு வரைக்கும் வந்துவிடும். பின்னால் கிணறு, இரண்டு தென்னை, அப்பா வைத்த நார்த்தை மரம். என் மகள் சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் பையைத் தார்சாவில் போட்டுவிட்டு ஆச்சியைத் தேடிக் கிணற்றடிக்குத்தான் ஓடுவாள். நானும் அப்படி ஓடியவள்தான். இந்த வீட்டை விட எனக்கு மனமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் ஏன் கேட்கிறாய் என்றால், தம்பிதான் காரணம். கோயம்புத்தூரில் ஒரு அடுக்குமாடி வீடு வாங்கப் போகிறான். அதற்கு முன்பணம் வேண்டும். இந்த வீடு இன்றைக்கு 36 லட்சம் போகும், பாதி 18 லட்சத்தை இரண்டு வருடத்துக்குள் கொடு, இல்லையென்றால் விற்றுவிடலாம் என்கிறான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். இப்போதைய வருமானத்தில் வீட்டுச் செலவு 38,000 போக மாதம் 32,000 மிச்சம் பிடிக்கிறோம். அதை வைத்து 18 லட்சம் கொடுக்க முடியாது. வீடு கையில் நிற்க வேண்டுமென்றால் நான் சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது. கணவர் "நீ என்ன முடிவு எடுத்தாலும் சரி" என்று சொல்லிவிட்டார். அது உதவியா பாரமா என்று தெரியவில்லை. கணக்கு தெரிந்தவர்கள், இதே மாதிரி போனவர்கள் சொல்லுங்கள்.

புளியங்குடிக்காரன்:

தங்கச்சி, நான் 2012இல் சென்னைக்கு வந்தவன். இப்போது மேடவாக்கத்தில் இருக்கிறேன். முதலில் அந்த 13 லட்சத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அது சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு, கைக்கு வரும் சம்பளம் இல்லை. பத்து சதவீதம் செயல்திறன் ஊதியம் என்று வைத்திருந்தால் 1,30,000 வருடக் கடைசியில்தான் வரும், வராமலும் போகலாம். அடிப்படைச் சம்பளம் பாதி என்றால் நிறுவனத்தின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு 78,000, கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை சுமார் 31,000, இரண்டும் உள்ளேயே அடக்கம். அப்புறம் உங்கள் பி.எஃப். இன்னொரு 78,000. எல்லாம் போக மாதம் கைக்கு 82,000 வரும். வருமான வரி பற்றிப் பயம் வேண்டாம். புதிய முறையில் 2025-26 முதல் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை வரி கிடையாது, சம்பளக்காரர்களுக்கு 75,000 நிலையான கழிவும் உண்டு. அதற்குள் அடங்கிவிடுவீர்கள்.

இனி செலவு. நாவலூர், சிறுசேரிப் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு பராமரிப்போடு 24,000. பள்ளியும் வேனும் மாதக் கணக்கில் 9,000. மளிகை, பால், கேஸ், கரண்ட், கேன் தண்ணீர் எல்லாம் 18,000. அம்மாவின் மருந்து, இலஞ்சி வீட்டுச் செலவு, ஊருக்குப் போய்வருவது 10,000. மொத்தம் 61,000. மிச்சம் 21,000.

அதாவது குடும்பத்தோடு வந்தால், கடை வருமானமும் நின்று போய், இன்றைக்குச் சேமிப்பதைவிட 11,000 குறையும். இதை நான் பெரிதாக்கிச் சொல்லவில்லை, என் வீட்டுக் கணக்கு நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் மட்டும் தனியாக வந்து சாப்பாட்டோடு ஒரு மகளிர் விடுதியில் தங்கினால் கதை வேறு. விடுதி 11,000, கைச்செலவு 6,000, ஊர்ப் பயணம் 5,000. கையில் 60,000 நிற்கும். இலஞ்சியில் 34,000 செலவு, கடை 25,000 தரும், குறைகிற 9,000 நீங்கள் அனுப்ப வேண்டும். சேமிப்பு 51,000. இரண்டு வருடத்தில் 12 லட்சம் தாண்டும், 18 ஆகாது. ஆக, சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆனாலும் லாபம் பார்க்க ஒரே வழி பிள்ளையை விட்டுவிட்டு வருவதுதான். அது உங்களால் முடியுமா என்பதை நான் சொல்ல முடியாது.

கடையநல்லூர் அக்கா:

நான் அப்படிப் போனவள். என் மகனுக்கு நாலு வயதாக இருந்தபோது பெங்களூருக்குத் தனியாகப் போனேன், அவன் என் அம்மாவிடம் வளர்ந்தான். வேலை விஷயத்தில் அந்த இரண்டு வருடம் எனக்குச் சோறு போட்டது, இன்றைக்கும் போடுகிறது. சோதனையை நிரல் எழுதித் தானாக ஓடவைக்கும் ஆட்டோமேஷன் அங்கேதான் கற்றேன். சின்ன நிறுவனத்தில் ஒரே மென்பொருளைக் கையால் சோதித்துக்கொண்டிருந்தால் நாற்பது வயதில் கதவுகள் குறைந்துவிடும். அதனால் வந்த வாய்ப்பை லேசாக நினைக்காதே.

ஆனால் பிள்ளை விஷயம். அவன் அழவில்லை. நான் ஊருக்கு வந்தால் முதல் நாள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து விருந்தாளிக்குக் காட்டுவது போல எல்லாப் பொம்மையையும் காட்டுவான். காய்ச்சல் வந்தால் "ஆச்சி" என்றுதான் கூப்பிடுவான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம்.

நடைமுறையும் யோசி. பொதிகையில் தென்காசியில் மாலை ஏறினால் விடிகாலை தாம்பரம். நல்ல ரயில்தான். ஆனால் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. தீபாவளி, பொங்கல் நாட்களுக்குக் கண் இமைக்கும் நேரத்தில் காத்திருப்புப் பட்டியல்தான். வாரம் மூன்று நாள் அலுவலகம் என்பதைச் செவ்வாய், புதன், வியாழன் என்று அமைத்துக்கொள்ள விடுவார்களா, இல்லை மாதத்தில் ஒரு வாரம் முழுக்க வந்துவிட்டு மீதி மூன்று வாரம் இலஞ்சியிலிருந்து பார்க்கலாமா என்று கேள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டால்தான் மரியாதை. எழுத்தில் வாங்கு. எச்.ஆர். வாயால் சொன்னது மேலாளர் மாறியதும் மாறிவிடும்.

பத்திரக்காரர்:

எல்லோரும் சம்பளத்தைப் பார்க்கிறீர்கள், நான் 18 லட்சத்தைப் பார்க்கிறேன். பத்திர எழுத்தர் அலுவலகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். அம்மா, உங்கள் அப்பா உயில் எழுதினாரா? எழுதவில்லை, வீடு அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டியது என்றால், 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. உங்கள் தம்பியின் பங்கு மூன்றில் ஒன்று. 36 லட்சத்தில் 12 லட்சம், 18 இல்லை. உங்கள் அம்மாவின் பங்கு அம்மாவுடையது. அதை யாருக்குக் கொடுப்பது என்று அவர் உயிரோடு இருக்கும்போது நீங்கள் இருவரும் பேரம் பேசக் கூடாது. இந்த ஒன்றை எத்தனையோ குடும்பங்கள் மறந்துவிடுகின்றன, அதனாலேயே அழுத்திச் சொல்கிறேன்.

தம்பியிடம் சட்டம் பேசாதீர்கள், அம்மாவை நடுவில் உட்கார வைத்துப் பேசுங்கள்.

சாம்பவர்வடகரை:

ஒரு சின்ன விஷயம். நவம்பரில் ஐந்து வருடம் முடிகிறது என்றீர்கள். அதற்கு முன்னால் விலகினால் கிராஜுவிட்டி கைவிட்டுப் போகும் வாய்ப்பு அதிகம். அடிப்படைச் சம்பளம் 22,000 என்றால் அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து ஐந்து வருடத்தால் பெருக்குங்கள், சுமார் 63,000 வரும். எங்கே போனாலும் சேரும் தேதியை நவம்பர் தாண்டிக் கேளுங்கள்.

இலஞ்சிப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. புளியங்குடி அண்ணன் போட்ட கணக்கைக் கணவரிடம் காட்டினேன். கடை வருமானத்தை நாங்கள் கணக்கிலேயே எடுக்காமல் பேசிக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

அப்பா உயில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். பத்திரக்கார ஐயா சொன்னபடி அம்மா முன்னால்தான் பேசினோம். "நான் இருக்கும்போதே என் பங்கையும் சேர்த்துப் பங்கு போட்டுவிட்டீர்களா?" என்று அம்மா கேட்டதும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கும் கஷ்டமாக இருந்தது. 12 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டான். அவனுக்கு இப்போது அவசரம் முன்பணம்தான். வைப்புத் தொகையில் இருக்கும் 3 லட்சமும் என் நகையை அடகு வைத்து 2 லட்சமும் சேர்த்து உடனே 5 லட்சம் தருகிறேன் என்றேன். மீதி 7 லட்சத்தை மூன்று வருடத்தில் தந்தால் போதும் என்கிறான். இப்போதைய 32,000 சேமிப்பில், நகை வட்டியும் அசலும் கட்டிக்கொண்டே, அது முடியும்.

அதனால் வீட்டுக்காக நான் சென்னை போக வேண்டியதில்லை. வேலைக்காகப் போக வேண்டுமா என்பது மட்டும் மிச்சம். கடையநல்லூர் அக்கா சொன்னது மனதில் நிற்கிறது. சிறுசேரிக்காரர்களிடம் மாதம் ஒரு வாரம் வருகிறேன், சேர்வது டிசம்பரில், சம்பளத்தைக் குறைத்தாலும் சரி என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒத்துக்கொண்டால் போவேன். இல்லையென்றால் இங்கேயே இருந்து, இந்த வருடத்துக்குள் ஆட்டோமேஷன் படித்து, வீட்டிலிருந்து பார்க்கும் வேலையாகத் தேடுவேன். மகளை விட்டுவிட்டுத் தனியாகப் போக மாட்டேன், அது முடிவாகிவிட்டது.

ஐயா, தம்பி பங்கை எழுதி வாங்க எவ்வளவு செலவாகும்?

பத்திரக்காரர்:

நல்லது அம்மா. தம்பி தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், 40,000க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதம், 10,000 தான் உச்சம். 2023 ஜூலையில் இந்த உச்ச அளவுகளைக் கூட்டினார்கள். வாரிசுச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று எடுத்து வையுங்கள். முழுப் பணமும் கொடுத்த பிறகுதான் விடுதலைப் பத்திரம். அதுவரை 5 லட்சம் கொடுத்ததற்கு ஓர் ஒப்பந்தம் எழுதி, அம்மாவும் கையெழுத்துப் போடட்டும். 5 லட்சத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக அனுப்புங்கள்.